கொட்டகை பிரேக்கர் விழுந்த நேரங்கள்

ஆகஸ்ட் 2, திங்கள்

தம்பிக்கு,

நீ வேலை பார்க்கும் சுரங்கத்தில் வெடி வைப்பதால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொன்னாய். அதனால் கடிதம். சாமான் வண்டி வாரத்துக்கு இரண்டு முறை மேலே வரும் என்றும் சொன்னாய். இது எந்த வண்டியில் ஏறும் என்று தெரியவில்லை.

நீ பழைய ஃபியூஸ் பலகையைக் கழற்றிவிட்டு, நடையில் புது மெயின் போர்டும் பின்னால் தையல் கொட்டகையில் சப் போர்டும் மாட்டிவிட்டுப் போய் இன்றோடு இருபத்து நான்கு நாள். முதல் பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஜூலை 22 வியாழனிலிருந்து கொட்டகை போர்டில், சோதிக்கிற பித்தான் வைத்த அந்த அகலமான பிரேக்கர் தானாக விழுகிறது. 'டப்' என்று ஒரு சத்தம். கொட்டகை முழுவதும் நின்றுவிடும். வீட்டுக்குள் ஒன்றும் ஆவதில்லை. தூக்கிவிட்டால் விழாமல் நிற்கிறது. பிறகு எப்போது விழும் என்பது யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு முந்நூறு சீருடை, ஆகஸ்ட் 31க்குள் கொடுக்க வேண்டும். உன் அக்கா முதன்முதலில் எடுத்திருக்கும் பெரிய ஆர்டர் இதுதான். இது தவறினால் அடுத்தது வராது என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது மிஷின் நின்றால் நூல் சிக்குகிறது, இஸ்திரி ஆறிப்போகிறது.

அவளை எழுதச் சொன்னேன். "ஒரு நாள் கூட இருந்து எல்லா மிஷினையும் ஓட்டிப் பார்த்துட்டுப் போடான்னு கெஞ்சினேன். நான் போட்ட போர்டுக்கு டெஸ்ட் வேற வேணுமான்னு கேட்டான். அவனுக்கு நான் எழுதணுமா?" என்றாள். ஆகவே நான் எழுதுகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அத்தான்


ஆகஸ்ட் 5

அத்தான்,

நேரா விஷயத்துக்கு வரேன். போர்டுல தப்பு இல்ல. ஒவ்வொரு திருகையும் நானே ரெண்டு தரம் முறுக்கினேன். தப்பு வேற எங்கயோ இருக்கு.

விழறது லீக்கேஜ் பிரேக்கர். அதுக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. வெளிய போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வந்துச்சான்னு பார்க்கும். கொஞ்சம் குறைஞ்சாலும், அதாவது வேற வழியா எங்கயாவது போனா, விழுந்துடும். அந்த வேற வழி ஒரு மனுஷனோட உடம்பாவும் இருக்கலாம். அதனால விழுதேன்னு கோவிச்சுக்காதீங்க. டேப் ஒட்டி நிறுத்தற வேலையெல்லாம் வேண்டாம். அக்கா செய்வா, எனக்குத் தெரியும்.

நீங்க பஸ் டிப்போ டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சுன்னு பதினெட்டு வருஷமா எழுதறீங்க. இதையும் எழுதுங்க. எத்தனை மணிக்கு விழுந்துச்சு, அப்ப எதெல்லாம் ஓடுச்சு. யூகம் வேண்டாம், கதை வேண்டாம். இஸ்திரிய மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்க, மறுநாள் மிஷின மட்டும். எதுல விழுதோ அதுதான் திருடன். ஒரு வாரத்துல பிடிச்சுடலாம்.

இன்னொண்ணு. 22ஆம் தேதி வீட்டுல என்ன மாறுச்சு? புதுசா ஏதாவது வாங்கினீங்களா, இடம் மாத்தினீங்களா, ஆணி அடிச்சீங்களா? பன்னிரண்டு நாள் ஒழுங்கா இருந்தது திடீர்னு கெட்டுப்போகாது. ஏதோ மாறியிருக்கு.

அக்காகிட்ட நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்.


ஆகஸ்ட் 11, புதன்

தம்பிக்கு,

22ஆம் தேதி வீட்டில் எதுவும் மாறவில்லை. புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஆணியும் அடிக்கவில்லை.

நீ கேட்ட பதிவு கீழே.

சனி 7: இஸ்திரி மட்டும். காலை 10 முதல் மாலை 4 வரை. விழவில்லை.
ஞாயிறு 8: விடுமுறை.
திங்கள் 9: மிஷின்கள் மட்டும். விழவில்லை.
செவ்வாய் 10: எல்லாம் ஓடியது. காலை 9:38க்கு விழுந்தது. பகல் 1:11க்கு விழுந்தது. மாலை விழவில்லை.
புதன் 11: எல்லாம் ஓடியது. காலை விழவில்லை. பகல் 1:09க்கு விழுந்தது. மாலை 5:16க்கு விழுந்தது.

தனித்தனியாக ஓட்டினால் எதிலும் விழவில்லை. சேர்த்து ஓட்டினால் விழுகிறது. ஆனால் சேர்த்து ஓட்டும்போதெல்லாமும் விழுவதில்லை. செவ்வாய் மாலை ஓடியதும் புதன் மாலை ஓடியதும் அதே மிஷின்கள், அதே இஸ்திரி, அதே ஆட்கள்.

கொட்டகையில் உன் அக்காவோடு தைக்கும் இரண்டு பேரில் ஒருத்தி வாய் ஓயாமல் பேசுவாள், 'ரேடியோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் போன் சார்ஜரில்தான் கோளாறு என்று உன் அக்கா அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். "என் சார்ஜர் திருட்டுக் கரண்டா குடிக்குது?" என்று அவள் அழுதுவிட்டாள். மறுபடியும் விழுந்தது. சார்ஜரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒன்றும் விளங்கவில்லை.

அத்தான்


ஆகஸ்ட் 14

அத்தான்,

எனக்கும்தான் விளங்கல. இதை எழுதவே எரிச்சலா இருக்கு.

மூணு காரணம் யோசிச்சேன், மூணும் உங்க பதிவு முன்னாடி நிக்கல. சப் போர்டுல நியூட்ரலும் எர்த்தும் எங்கயோ தொட்டுக்கிட்டிருந்தா மிஷின் மட்டும் ஓடும்போதும் விழணும். விழல. வயர்ல எலி கடிச்சிருந்தா தூக்கிவிட்டதும் திரும்ப விழணும். நிக்குது. பிரேக்கரே கெட்டுப் போயிருந்தா நேரம் காலம் இல்லாம விழும். இது என்னடான்னா காலைல ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், சாப்பாட்டு மாத்திரை மாதிரி.

பாக்கி இருக்கறது இஸ்திரி. ஆவி வர்ற இஸ்திரில கொஞ்சம் கசிவு எப்பவும் இருக்கும். மட்டும் ஓட்டினப்ப விழலன்னு சொல்றீங்க, ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்ல. வேற இஸ்திரி கடன் வாங்கி ஓட்டிப் பாருங்க.

இங்க என்னோட மேஸ்திரிகிட்ட உங்க பதிவைக் காட்டினேன். "இவ்வளவு சுத்தமா எழுதற ஆள நம்ம ஆபீஸுக்கு அனுப்பேன்"னு சொன்னார். கோளாறு என்னன்னு மட்டும் அவரும் சொல்லல.

நாலு பக்கம் வயரிங் படம் வரைஞ்சு கிழிச்சுப் போட்டேன். ஞாபகத்துலேர்ந்து திரும்ப வரையறேன்.


ஆகஸ்ட் 17, செவ்வாய்

தம்பிக்கு,

கடன் வாங்கிய இஸ்திரியிலும் விழுந்தது. பதிவு:

வியாழன் 12: டிப்போவில் வேலைநிறுத்தம். நான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஓடியது. நாள் முழுவதும் ஒரு முறைகூட விழவில்லை.
வெள்ளி 13: காலை 9:41, பகல் 1:10, மாலை 5:14. மூன்று முறை.
சனி 14: பகல் 1:12.
திங்கள் 16: காலை 9:38, மாலை 5:17. (வேறு இஸ்திரி.)

நேற்று ஐந்தே காலுக்கு விழுந்தபோது உன் அக்கா கத்தரிக்கோலைத் தரையில் எறிந்தாள். நூற்று எழுபது உருப்படி பாக்கி. மூலைக்கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் போர்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தப் பொட்டிய எடுத்துட்டு நேரா கரண்ட குடுத்துட்டா தொல்லை விட்டுச்சு. நான் போட்ட வீட்ல எல்லாம் அப்படித்தான், யாரு செத்துட்டாங்க?" என்றார். வரும் திங்கள், 23ஆம் தேதி காலை வருகிறார்.

நீ வேண்டாம் என்பாய் என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த லட்சணம்" என்றாள். உன் பெயரை எடுத்தால், "நீங்க அவனுக்கு வக்கீலா?" என்று கேட்கிறாள்.

அத்தான்


ஆகஸ்ட் 19

அத்தான்,

இந்தக் கடிதத்தை வண்டி டிரைவர் கைல நேரா குடுத்து, வாசல்லயே உங்ககிட்ட சேர்க்கச் சொல்லியிருக்கேன். அக்கா கண்ணுல பட வேண்டாம்.

நேரா குடுக்க விடாதீங்க. ஆவி இஸ்திரி, ஈரத் தரை, செருப்பைக் கழட்டி வச்சுட்டு மிதிக்கிற மூணு பொம்பளைங்க. கசிவு வந்தா அந்த பிரேக்கர் ஒண்ணுதான் நடுவுல நிக்கும். யாரு செத்தாங்கன்னு கேக்கறவன் செத்தவங்க வீட்டுக்குப் போய்க் கேக்க மாட்டான்.

இப்ப ரெண்டு விஷயம். ரெண்டும் சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

முதல் விஷயம். உங்க பதிவை நேத்து ஏழாவது தரம் படிச்சேன். 9:38, 1:11, 5:16. அத்தான், இந்த நிமிஷத்தை யாரு பார்த்தது? கொட்டகைல கடிகாரமே கிடையாது. அக்காவுக்கு நேரம்னா 'துணி வெட்டறப்ப', 'வெயில் ஜன்னலுக்கு வந்தப்ப', அவ்வளவுதான். நீங்க அந்நேரம் டிப்போவுல இருக்கணும். வேலைநிறுத்தம்னு நீங்க நாற்காலில உட்கார்ந்திருந்த அன்னிக்கு மட்டும் விழவே இல்ல. ஞாயிறு விழாது. தனித்தனியா ஓட்டின நாள்லயும் விழல, அதை மட்டும் அப்புறம் சொல்றேன். உங்க பதிவுல இஸ்திரி இருக்கு, மிஷின் இருக்கு, ரேடியோ சார்ஜர் கூட இருக்கு. நீங்க மட்டும் இல்ல.

ரெண்டாவது விஷயம், என்னோடது. படத்தைத் திரும்ப வரைஞ்சேன். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவுல, என் மாடி ரூமுக்குப் போற மூடின படிக்கட்டு இருக்கே, பகல்லயே குகை மாதிரி இருக்கும், அங்க ஒரு சின்ன விளக்கு. அதோட லைனைக் கொட்டகை போர்டுக்கு மாத்தினேன், பக்கத்துல இருக்குன்னு. நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பி வர்ற வயரை, மாத்தல. அது பழையபடி நடை போர்டுலயே இருக்கு. நாளைக்குச் செய்யலாம்னு விட்டேன். மறுநாள் நான் கிளம்பிட்டேன்.

அதனால அந்த விளக்கு எரிஞ்சா கரண்ட் கொட்டகை பிரேக்கர் வழியாப் போகும், திரும்பி வேற போர்டுக்கு வரும். பிரேக்கருக்கு அது காணாமப் போன கரண்ட். சின்ன பல்பு, அதனால அது மட்டும் எரிஞ்சா விழாது. இஸ்திரி சூடேறும்போது கசியறதும் சேர்ந்தா விழும். இஸ்திரி சூடேறி, நின்னு, திரும்பச் சூடேறும். நீங்க படி ஏறற அந்த அரை நிமிஷமும் அதுவும் ஒண்ணா அமையணும். அதான் சில நாள் விழுது, சில நாள் விழல. இஸ்திரி மட்டும் ஓட்டின சனிக்கிழமை அதிர்ஷ்டம், இல்லேன்னா நீங்க மேல போகல.

என் ரூம் சாவி உங்ககிட்டதான் இருக்கு.

என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. வழி மட்டும் சொல்றேன். அந்த பல்பைக் கழட்டி வச்சுடுங்க. அதோட தீர்ந்தது. எலக்ட்ரீஷியன் வர வேண்டாம். நீங்க மேல போறது யாருக்கும் தெரியாது. நான் நியூட்ரலை விட்டதும் யாருக்கும் தெரியாது. லீவுல வரும்போது சத்தம் இல்லாம மாத்திடறேன்.


ஆகஸ்ட் 22, ஞாயிறு

தம்பிக்கு,

பல்பைக் கழற்றிவிட்டேன். உன் மேசை இழுப்பறையில் காகிதம் சுற்றி வைத்திருக்கிறேன்.

டிப்போ வாசலில் கேமரா வைத்துவிட்டார்கள். வண்டி உள்ளே வரும்போதே அது நம்பரையும் நேரத்தையும் எழுதிக்கொள்கிறது. ஜூலை 21 மாலை என்னிடம், "வேண்டும்போது கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. 22ஆம் தேதி என்ன மாறியது என்று நீ கேட்டாயே, மாறியது இதுதான். வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்று எழுதினேன். நீ வீட்டைத்தான் கேட்டாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் அக்கா இந்த ஆர்டரை எடுத்ததே என் சம்பளம் வீட்டுக்குப் போதும், நட்டமானாலும் தாங்கலாம் என்ற தைரியத்தில். ஆர்டர் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். எட்டரைக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவேன். மிஷின் சத்தம் தொடங்கியதும் பக்கச் சந்து வழியாக வந்து மேலே ஏறிவிடுவேன். பகலில் தண்ணீர் பிடிக்க ஒரு முறை இறங்குவேன். மிஷின் மட்டும் ஓடிய நாளும் ஏறினேன், விழவில்லை. இஸ்திரி மட்டும் ஓடிய சனிக்கிழமை மிஷின் சத்தம் இல்லை, காலடி கேட்டுவிடும் என்று வரவில்லை. சந்தைக் கடை பெஞ்சில் இருந்தேன். அன்றைய பதிவு உன் அக்கா சொன்னது.

விளக்கு அணையும்போதெல்லாம் நானும் அந்தப் படியில்தான் நின்றேன். கரண்ட் போனதால் விளக்கு போயிற்று என்று நினைத்தேன். விளக்கால் கரண்ட் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். பழக்கம்.

நாளை எலக்ட்ரீஷியன் வருவதற்குள் ஒரு மணி நேரம் எல்லாம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அத்தான்


ஆகஸ்ட் 25

அத்தான்,

பல்பைக் கழட்டச் சொன்னது முட்டாள்தனம். உங்க கடிதம் வந்த ராத்திரியே தோணுச்சு. அந்தப் படில நாலாவது படி மத்ததை விட உயரம். வெளிச்சத்துலயே எனக்கு இடிக்கும். இருட்டுல ஏறாதீங்க. டார்ச் எடுத்துட்டுப் போங்க.

அதை விட, எங்கயும் போகாதீங்க. அக்காகிட்ட சொல்லிடுங்க. நியூட்ரல் என் தப்புன்னும் சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன், நீங்களும் திறக்காதீங்கன்னு ஒரு பேரம் பேசின மாதிரி எழுதிட்டேன். ரெண்டு நாளா அது எனக்கே பிடிக்கல. வேணும்னா இந்தக் கடிதத்தை அப்படியே அவகிட்ட குடுங்க.

அவ கத்துவா. கத்தட்டும்.


ஆகஸ்ட் 27, வெள்ளி

தம்பிக்கு,

உன் 25ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. நான் விழுந்தது நேற்று.

திங்கள் காலை எல்லாம் ஓடியது, விழவில்லை. எலக்ட்ரீஷியனை உன் அக்காவே வாசலில் திருப்பி அனுப்பினாள். செவ்வாயும் புதனும் விழவில்லை. "பரவாயில்ல, என் தம்பி போட்ட போர்டு. கொஞ்சம் பழகணும் போல" என்று ரேடியோவிடம் சொன்னது மாடிவரை கேட்டது.

வியாழன் காலை 9:40 இருக்கும். நிமிஷம் சரியாகத் தெரியாது, முதல் தடவையாக. நாலாவது படி. இருட்டில் கால் மாட்டி, பையோடு கீழே வந்து கொட்டகைக் கதவில் மோதினேன். பிரேக்கர் விழுந்த 'டப்' எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மிஷின்கள் நின்றன. கதவைத் திறந்தது உன் அக்கா, கையில் கத்தரிக்கோல். திருடன் என்று நினைத்திருக்கிறாள். டிப்போ சட்டையில் நான், மடியில் கவிழ்ந்த சாப்பாடு.

"நீங்க எங்க இங்க?" என்றாள்.

வேலைக்குப் போகவில்லை என்று சொல்ல வந்தேன். வேலை இல்லை என்று வாயில் வந்துவிட்டது. பிறகு எல்லாம் சொன்னேன். விளக்கு, நியூட்ரல், உன் பேரம், என் பொய், எல்லாம். ரேடியோ கவிழ்ந்த சாப்பாட்டை அள்ளிப் பையில் போட்டாள்.

உன் அக்கா கத்தவில்லை. கணுக்காலில் ஈரத்துணி சுற்றினாள். "அஞ்சு வாரம். மேல சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துல எத்தனை பட்டன் தைச்சிருக்கலாம்" என்றாள். ஊசியைக் கையில் கொடுத்தாள். அப்போதுதான் அழுதாள். ஊசியைக் கொடுத்துவிட்டு ஏன் அழுதாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "தப்புன்னு அவனே எழுதியிருக்கானா? தேதி போட்டா?" என்று கேட்டு, மடித்து, அளவு நாடா வைக்கும் டப்பாவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அறுபத்தெட்டு உருப்படி பாக்கி. கால் வீங்கியிருக்கிறது, கை நன்றாக இருக்கிறது.

அத்தான்


ஆகஸ்ட் 30

அத்தான்,

லீவு கேட்டேன். செப்டம்பர் 4 காலைல வரேன். பத்து நிமிஷ வேலை, ஒரு வயர். அதுவரைக்கும் அந்தப் படில யாரும் ஏற வேண்டாம்.

மேஸ்திரிகிட்ட உங்களைப் பத்தி நானாவே பேசினேன். இங்க வெடி வைக்கிற நேரம், ஆள் உள்ள போற நேரம், வெளிய வர்ற நேரம் எல்லாத்தையும் ஒருத்தர் எழுதணும். கேமராவை உள்ள விட மாட்டாங்க, போன் மாதிரிதான். உறுதியா எதுவும் சொல்லல அவர். நானும் சொல்லல.

அக்கா என்னோட பேசுவாளா?


செப்டம்பர் 7, செவ்வாய்

தம்பிக்கு,

சீருடைகள் 31ஆம் தேதி மாலையே போய்ச் சேர்ந்தன. பதினோரு சட்டையில் பட்டன் இடம் மாறித் தைத்திருந்தேன். உன் அக்கா கண்டுபிடித்துப் பிரித்துத் தைத்தாள். பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன், அது எந்த ஊழியர் மேல் இருக்கிறதோ.

உன் மேஸ்திரி சொன்னதை அவளிடம் சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆர்டருக்குத் துணி வெட்ட ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். எதற்குப் பதில் அது என்று தெரியவில்லை. அவர் கேட்டால் அப்போது பார்க்கலாம்.

நீ வந்திருந்த இரண்டு நாளில் அவள் உன்னிடம் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். எண்ணினேன். "சாப்பிடு." "அந்த மூடிய ஒழுங்கா மூடு." பத்து நிமிஷத்தில் வயரை மாற்றி, பல்பையும் திரும்ப மாட்டிவிட்டு நீ பையைத் தூக்கியபோது, "டெஸ்ட் பண்ணிட்டுப் போ." நீ பையை இறக்கி வைத்தாய். அன்று முழுவதும் எல்லாவற்றையும் ஓட்டி, போர்டு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். மாலையில் அவள் உன் பக்கத்தில் இன்னொரு முக்காலி போட்டு உட்கார்ந்து காஜா தைத்ததை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. அவள் அதை ஒரு வாக்கியமாகக் கணக்கில் சேர்ப்பாள் என்று நினைக்கிறேன்.

துணிக் கட்டுகளை இப்போது உன் அறையில்தான் வைக்கிறோம். எடுக்க நான் மேலே போகிறேன். பதிவை நிறுத்தவில்லை:

செவ்வாய் 7: காலை 9:38. மிஷின்கள்: ஓடுகின்றன. இஸ்திரி: சூடேறுகிறது. மாடிப்படி விளக்கு: எரிகிறது. போட்டவர்: நான்.

விழவில்லை.

அத்தான்